வாங்கிய பாட்டு வாங்கியபடியே

"எல்லாப் பாட்டும் போனிலேயே கிடக்கும்போது எதற்கு இன்னும் சிடி வாங்குகிறாய்?" என்று கேட்பவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். ஒன்று, பழைய நினைப்பு. இல்லையென்றால், ஒலித்தரம். இரண்டுக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கம். நின்றபடி சொல்லி முடிக்கிற காரணமாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

பழைய நினைப்பு என்பதை முதலில் தள்ளிவிடலாம். நான் வாங்குவதில் பாதிக்கு மேல் புது ஆல்பங்கள். போன மாதம் வந்த பாட்டின் மேல் என்ன பழைய நினைப்பு இருக்க முடியும்? அமெரிக்காவில் 2022இல் விற்ற, ஊசி வைத்து ஓட்டும் வினைல் தட்டுகளின் எண்ணிக்கை சிடிகளின் எண்ணிக்கையைத் தாண்டியது. 1987க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 4 கோடிக்கு மேல் வினைல் தட்டுகள். இத்தனையையும் இளமைக்காலத்தை எண்ணிப் பெருமூச்சு விடுகிறவர்களே வாங்கித் தீர்த்தார்கள் என்றால் நம்புவது கஷ்டம்.

ஒலித்தரம் அவ்வளவு சுலபமாகத் தள்ளக்கூடியது இல்லை. சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக (0, 1 என்று 16 இலக்கம்), இடது வலது இரண்டு பக்கத்துக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். சோனியும் பிலிப்ஸும் 1980இல் சேர்ந்து வகுத்த விதி அது. 1982 அக்டோபரில் முதல் சிடி பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதைப் பதிவு செய்ய இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வேண்டும் என்பது சரி. ஆனால் 44,000 என்றோ 45,000 என்றோ முழுசாக வைக்காமல் அதென்ன 44,100? அப்போது டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கிற அளவுக்கு இடம் இருந்தது வீடியோ டேப்பில்தான். வரிக்கு மூன்று அளவுகள் என்று ஒலியைப் படம் மாதிரி மாற்றி அதில் எழுதினார்கள். ஐரோப்பிய டிவி முறையில் நொடிக்கு 50 தடவை திரை வரையப்படும், ஒவ்வொன்றிலும் ஒலிக்கு 294 வரி. அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 தடவை, 245 வரி. வரிக்கு மூன்று என்று எந்தப் பக்கம் பெருக்கினாலும் 44,100. அந்த டேப்பும் போய்விட்டது, அந்த டிவியும் போய்விட்டது, எண் மட்டும் அசையவில்லை.

இதே எண்களைத்தான் இன்று பல ஸ்ட்ரீமிங் சேவைகள் ஒன்றுகூட இழக்காமல் அனுப்புகின்றன. ஒரே மாஸ்டரிலிருந்து, அதாவது வெளியீட்டுக்கென்று தயார் செய்த இறுதிப் பதிவிலிருந்து, எடுத்த அதே எண்கள் வயர் வழியாக வந்தால் என்ன, தட்டிலிருந்து வந்தால் என்ன? வித்தியாசம் கேட்கிறது என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, நம்புவதும் இல்லை.

வினைல் வேறு கதை. 1948இல் கொலம்பியா நிறுவனம் 12 அங்குலத் தட்டை நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று வெளியிட்டது. இன்று வாங்குகிற தட்டும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. சுற்று வேகம் மாறாது, ஆனால் ஊசி உள்ளே போகப் போக வட்டம் சின்னதாகிக்கொண்டே வரும். வெளி விளிம்பில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் போல ஊசிக்கு அடியில் ஓடுகிற பள்ளம், கடைசிப் பாட்டுக்கு வரும்போது அதில் பாதிகூட ஓடாது. அதே ஒலியை அதைவிடக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதினால் மேல் சுரங்களில் கரகரப்பு தட்டும். ஒரு பக்கத்தின் கடைசியில் அடக்கமான, மெதுவான பாட்டைப் பார்த்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பேஸ் என்கிற கீழ் ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி இடத்தைத் தின்றுவிடும். அதனால் வெட்டும்போதே பேஸைக் குறைத்து, மேல் ஒலியைத் தூக்கி எழுதிவிடுவார்கள். நம் ஆம்ப்ளிஃபையர் அதைத் திருப்பிப்போட்டுச் சரி செய்கிறது. எந்த அலைவரிசையை எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு 1954லிருந்து ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது. பக்கத்துக்கு 22 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் சத்தம் குறையும். இத்தனை சமரசங்களுக்குப் பிறகும் அது அவ்வளவு நன்றாக ஒலிப்பதை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. ஆனாலும் நான் சிடிக்காரன். வினைல் நண்பர்கள் இதற்காக என்னைத் திட்டலாம், பழகிவிட்டது.

ஆக, எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பது என் கேள்வி இல்லை. எதைக் கேட்கிறோம் என்பதுதான்.

ஒரே ஆல்பம் என்னிடம் இரண்டு சிடிகளாக இருக்கிறது. ஒன்று எண்பதுகளில் அச்சானது. இன்னொன்று இருபது வருடம் கழித்து 'ரீமாஸ்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்டு வந்தது. முதல் பாட்டை இரண்டிலிருந்தும் எடுத்துக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலைவடிவத்தைப் பார்த்தேன். பழையதில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. டிரம் அடி ஒவ்வொன்றும் தனியாகக் குத்திட்டு நிற்கிறது, நடுவில் குரல் வரும் இடம் இறங்கி இருக்கிறது. புதியது அடுக்கிய செங்கல் மாதிரி மேலும் கீழும் சமமாக நிரம்பி நிற்கிறது. மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கிவிட்டு, உயர்ந்த இடங்களின் தலையைச் சீவியிருக்கிறார்கள். கேட்டால் அதுதான் உடனே எடுப்பாகத் தெரியும், அதற்காகத்தானே செய்தார்கள். நான்கு பாட்டு தாண்டுவதற்குள் காது சலித்துவிடும். டிரம் அடி எல்லாம் கிடாரோடு ஒரே மட்டத்தில் அமுங்கிக் கிடக்கும்.

தொண்ணூறுகளிலிருந்து இந்தச் சத்தப் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. இப்போது ஸ்ட்ரீமிங் சேவைகள் எல்லாப் பாட்டையும் ஒரே சராசரிச் சத்தத்துக்குக் கொண்டுவந்து ஒலிக்கின்றன, அதனால் போட்டிக்கு அர்த்தமே போய்விட்டது. ஆனால் சீவிய தலை திரும்ப முளைக்காது. சத்தம்தான் குறையும், தட்டையானது தட்டையாகவே இருக்கும். அந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை நான் பார்த்த சேவைகளில் கிடைப்பது ரீமாஸ்டர் மட்டும்தான். பழையது வேண்டுமென்றால் எண்பதுகளின் சிடியை யாராவது விற்கும்போது பிடிக்க வேண்டும்.

சிடியில் இருப்பதுதான் எப்போதும் நல்ல பதிப்பு என்று சொல்லவில்லை. 2008இல் வந்த ஒரு பெரிய மெட்டல் ஆல்பம் சிடியில் அவ்வளவு நசுங்கி இருந்தது. அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமுக்காகத் தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தன, அதில் தெளிவாக இருக்கிறது என்று ரசிகர்களே கண்டுபிடித்துச் சண்டைக்குப் போனார்கள். தட்டு என்பது தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. இதுதான் நீ வாங்கியது, இது நாளைக்கும் இதேதான் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். எனக்கு அது போதும்.

ஏன் அது பெரிய விஷயம் என்றால், மற்ற இடத்தில் அப்படி இல்லை. 2016இல் ஒரு ராப் ஆல்பம் ஸ்ட்ரீமிங்கில் வெளியான பிறகும் வாரக்கணக்கில் திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தது. 2022இல் இரண்டு முன்னணிப் பாடகிகள் தங்கள் புதுப் பாட்டில் இருந்த ஒரு சொல்லுக்கு எதிர்ப்பு வந்ததும் அதை மாற்றிப் பாடி ஏற்றினார்கள். அந்தச் சொல்லை எடுத்தது நியாயம்தான். என் கவலை வேறு. முதலில் என்ன இருந்தது என்பதைப் பார்க்க வழி இல்லாமல் போகிறது. புத்தகத்தில் இரண்டாம் பதிப்பு என்று அச்சிடுவார்கள். இங்கே பாட்டின் பெயர் அதே, படம் அதே, உள்ளே இருப்பது மட்டும் வேறு.

மாற்றுவதாவது பரவாயில்லை, காணாமல் போவதும் உண்டு. நான் சேர்த்து வைத்திருந்த ஒரு பட்டியலில் திடீரென்று ஒரு பாட்டு சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது. தொட்டால் அசையவில்லை. எங்கோ இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் ஒப்பந்தம் முடிந்திருக்கும். நமக்கு யாரும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, ஏனென்றால் நாம் எதையும் வாங்கியிருக்கவில்லை. 2019இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் ஒரு சர்வர் மாற்றத்தின்போது 2015க்கு முன்னால் பயனர்கள் ஏற்றியிருந்த இசையெல்லாம் போய்விட்டதாக ஒப்புக்கொண்டது. 5 கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள் என்று கணக்கு சொன்னார்கள். அவற்றில் பல, வேறு எங்கேயும் இல்லாதவையாக இருந்திருக்கும்.

காசு கொடுத்துக் கோப்பாகவே வாங்கினாலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாவல் பற்றிய வழக்கு. ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று பதிப்பாளர் புத்தகத்துக்குள்ளேயே அச்சிட்டிருந்தார், ஒரு கடை குறைத்து விற்றது. முதல் தடவை விற்றதோடு உன் அதிகாரம் முடிந்தது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய புத்தகக் கடையும் பழைய சிடிக் கடையும் அங்கே நடப்பது இந்தக் கொள்கையின் மேல்தான். அப்புறம் ரீடிஜி என்ற நிறுவனம், சட்டப்படி வாங்கிய பாட்டுக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய ஒரு சந்தை நடத்தியது. ஒரு இசை நிறுவனம் வழக்குப் போட்டது. 2013இல் கீழ் நீதிமன்றமும் 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூடாது என்று தீர்ப்புச் சொன்னன. கோப்பை அனுப்புவது என்றாலே புதுசாக ஒரு நகல் எடுப்பதுதான், அதனால் பழைய கொள்கை இதற்குப் பொருந்தாது என்பது வாதம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் என் சிடியை நாளைக்கே யாருக்காவது சும்மா கொடுக்கலாம், விற்கலாம், உயில் எழுதி வைக்கலாம். ஸ்ட்ரீமிங் பட்டியலை உயிலில் எழுதி என்ன பிரயோஜனம்?

இசை நிறுவனங்கள் தட்டின் விஷயத்திலும் கை வைத்துப் பார்த்தன என்பதையும் சொல்ல வேண்டும். 2005இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில சிடிகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், நகல் எடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருள் ரகசியமாக உட்கார்ந்துகொண்டு தன்னை மறைத்தும் வைத்துக்கொண்டது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அதைக் கண்டுபிடித்து எழுதியதும் பெரிய ரகளை ஆகி, தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்த மாதிரிப் பூட்டுப் போட்ட தட்டுகள் அசல் சிடி விதிகளுக்கு உட்பட்டவை இல்லை, அவற்றில் சிடி முத்திரை இருக்கக் கூடாது என்று பிலிப்ஸே சொல்லிவந்தது. அந்தக் காலத்துத் தட்டு ஒன்றை வாங்கும்போது இன்றைக்கும் என் கண் முதலில் அந்தச் சின்ன முத்திரையைத்தான் தேடும்.

உறையைப் பற்றிக் கொஞ்சம். பிளாஸ்டிக் பெட்டியின் மூடியைத் திறந்தால் புக்லெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் அரைவட்ட நாக்குகள் நான்கு இருக்கும். அவசரமாக உருவினால் தாளின் ஓரம் கிழியும். நடுவில் தட்டைப் பிடிக்கிற பற்களில் ஒன்றிரண்டு உடைந்து பெட்டிக்குள் கலகலவென்று உருளும். பழைய சிடி வாங்கினால் இந்தச் சத்தம் இலவசம். இதில் அழகு இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன், மோசமான வடிவமைப்பு. ஆனால் அந்தப் புக்லெட்டில்தான் யார் பேஸ் வாசித்தார்கள் என்று இருக்கும். எனக்குப் பிடித்த வாத்தியக்காரர்களில் பலர் இப்படி ஒரு ஆல்பத்தின் எட்டாம் பக்கத்துச் சின்ன எழுத்திலிருந்து கிடைத்தவர்கள். பெயரைக் குறித்துக்கொண்டு, அவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று போனால் அடுத்த தட்டு, அங்கிருந்து அடுத்தது. எந்த ஸ்டுடியோ, யார் ஒலிப்பதிவு, யார் மாஸ்டரிங், எல்லாம் அங்கே இருக்கும். பழைய சிடிகளின் முதுகில் 'ஏஏடி', 'ஏடிடி', 'டிடிடி' என்று மூன்றெழுத்துக் குறி இருக்கும். பதிவு, கலவை, மாஸ்டரிங் மூன்றில் எது அனலாக், எது டிஜிட்டல் என்று அது சொல்லிவிடும். ஸ்ட்ரீமிங் சேவைகளிலும் இப்போது பெயர்ப் பட்டியல் வருகிறது, மூன்று தடவை தொட்டு உள்ளே போனால். பாதி நேரம் பாடலாசிரியர் பெயரோடு நின்றுவிடுகிறது.

கலைஞருக்குப் போகும் காசு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2024லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஒலிக்காவிட்டால் அதற்கு ராயல்டி கிடையாது. சின்னக் குழு ஒன்றின் கச்சேரி முடிந்ததும் மேஜையில் ஒரு தட்டு வாங்கினால் அந்தக் கணக்கெல்லாம் இல்லை.

தட்டு மாறாது என்கிறேன். பிளாஸ்டிக்தானே, கீறல் விழுமே என்று கேட்கலாம். விழும். அங்கேதான் சிடியின் மேல் எனக்கு நிஜமான காதல். ஒளி படிக்கும் சுருள் கோடு தட்டின் உள்பக்கத்தில் தொடங்கி வெளியே போகிறது, வினைலுக்கு நேர் எதிர். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவில் 1.6 மைக்ரான் இடைவெளி (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவ்வளவு நெருக்கமான எழுத்தில் ஒரு தூசி விழுந்தாலே நூற்றுக்கணக்கான எண்கள் மறைந்துபோகும். அதனால் ஒலியின் எண்களை வரிசையாக எழுதாமல், அடுத்தடுத்து வர வேண்டியவற்றைத் தள்ளித் தள்ளிப் பரப்பி எழுதியிருக்கிறார்கள். கூடவே சரிபார்க்கும் எண்களும் உண்டு. 1960இல் ரீட், சாலமன் என்ற இரண்டு கணித மேதைகள் கண்டுபிடித்த முறையிலிருந்து வந்தது அது. வாயேஜர் விண்கலம் யுரேனஸிலிருந்து படம் அனுப்பியதும் இதே குடும்பத்து முறையில்தான். கோட்டின் நீளவாக்கில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் மறைந்துபோனாலும், மிச்சத்திலிருந்து கணக்குப் போட்டு விட்டுப்போன எண்களை ஒன்று விடாமல் மீட்டுவிடலாம். தோராயமாக இல்லை, அதே எண்களை. அதைவிடப் பெரிய காயமென்றால்தான் பிளேயர் முன்னும் பின்னும் பார்த்து ஊகித்து நிரப்பும், அதுவும் முடியாதபோதுதான் திக்கும்.

இதனால்தான் பளபளவென்று இருக்கும் கீழ்ப்பக்கத்து மெல்லிய கீறல்களைக் கண்டு நான் பயப்படுவதில்லை. அந்தப் பக்கம் 1 மில்லிமீட்டருக்கு மேல் கனமான பிளாஸ்டிக், லேசர் அதைத் தாண்டி உள்ளே குவிகிறது. ஆபத்து பெயர் அச்சடித்த மேல்பக்கத்தில்தான். அங்கே அலுமினியப் படலத்தின் மேல் மெல்லிய பூச்சு மட்டும்தான் காவல். பேனாவால் அழுத்தி எழுதினாலே படலம் போய்விடும். பழைய தட்டு வாங்கும்போது விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அங்கே படலம் இல்லை என்று பொருள். ஓரத்திலிருந்து பழுப்பு நிறம் ஏறியிருந்தால் அதுவும் வேண்டாம். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் அச்சான சில தட்டுகள் பூச்சுக் கோளாறால் அப்படி வெண்கல நிறமாகிக் கெட்டுப்போயிருக்கின்றன. ஆக, 'அழியாதது' என்ற அந்தக் காலத்து விளம்பரத்தை நம்பிவிடவும் வேண்டாம்.

இன்னொன்று: வாங்கியதும் நான் செய்கிற முதல் வேலை தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, இழப்பில்லாத ஃப்ளாக் கோப்பாக எடுத்து வைப்பது. அன்றாடம் கேட்பது பெரும்பாலும் அந்தக் கோப்பைத்தான். அப்புறம் எதற்குத் தட்டு என்றால், சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க ஒன்று வேண்டும், அதுதான் தட்டு. அக்யூரேட்ரிப் என்று ஒரு பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. நாம் எடுத்த பாட்டின் எண்களைக் கூட்டி வரும் சரிபார்ப்பு எண்ணை, முகம் தெரியாத மற்றவர்கள் அதே தட்டிலிருந்து எடுத்ததோடு அது ஒப்பிடும். பொருந்தினால் இத்தனை பேருக்கு இதே விடை வந்திருக்கிறது என்று காட்டும். எத்தனையோ கை மாறி, உறை உடைந்து, கீறலோடு என்னிடம் வந்த தட்டும், யாரோ பிரிக்காமல் வாங்கி அன்றைக்கே போட்ட தட்டும் கடைசி பிட் வரை ஒரே விடை சொல்லும். பொருந்தாவிட்டால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நேர்கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். வட்டமாகத் துடைக்காதீர்கள், கோட்டோடு போகிற கீறலைத்தான் அந்தக் கணக்கால் சமாளிக்க முடியாது.